ஈசான்ல தனியா சுத்தினப்போ நாய் கடிச்சது, அதுக்கப்புறம் பட்ட பாடு

2024 அக்டோபர்ல தாய்லாந்தோட வடகிழக்குப் பக்கம், ஈசான்னு சொல்வாங்களே, அங்க பத்து நாள் தனியா போயிருந்தேன். அதுல பாதி நாள் ஆஸ்பத்திரி, ஏடிஎம், போன் கால்னே போயிடுச்சு. பணம் மட்டும் கிட்டத்தட்ட 11,000 பாட், அன்னைக்கு ரேட்டுக்கு 27,000 ரூபாய்க்கு மேல. பணம் போனா போகுது, ஒரு ராத்திரி நான் பட்ட பயம் இருக்கே, இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மாசம் உக்காந்து தேடினேன், கோயில், சாப்பாடு, பஸ்னு எல்லாம் கிடைச்சுது, ஆனா அங்க கிராமத்துல நாய் கடிச்சா எங்க ஓடணும், நம்ம ஊர் சிம்மைக் கழட்டி வெச்சா பணத்துக்கு என்ன ஆகும்னு ஒருத்தர்கூட எழுதி வைக்கல. அதான் நான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

ஏன் ஈசான்னு கேட்பீங்க. முன்னாடி ஒரு தடவை கம்போடியால பன்தேய் ஸ்ரேய் கோயில் பாத்திருக்கேன், அங்க ஆடற சிவன் காலடியில நம்ம காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமா உக்காந்திருப்பாங்க. அதைப் பாத்த நாள்ல இருந்து கெமர் ஆளுங்க கட்டின சிவன் கோயில்னா எனக்கு ஒரு பித்து. தாய்லாந்துல அந்த மாதிரி கோயில் நிறைய இருக்கறது ஈசான்லதான், பாங்காக், புக்கெட் போற கூட்டத்துல நூத்துல ஒருத்தர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. புரிராம் மாகாணத்துல பனோம் ருங்னு ஒரு கோயில், அணைஞ்சு போன எரிமலை மேல கயிலாயம்னு நினைச்சு கட்டினது, 10ஆம் நூற்றாண்டுல இருந்து 13 வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. அதுல 15 வாசப்படி ஒரே நேர்கோட்டுல இருக்கு. வருஷத்துல நாலு தடவை சூரியன் அந்த 15 வாசல் வழியாவும் நேரா தெரியும், ஏப்ரல்லயும் செப்டம்பர்லயும் உதிக்கறப்போ, மார்ச்லயும் அக்டோபர்லயும் மறையறப்போ. அக்டோபர்ல 5ல இருந்து 7 வரைக்கும். அந்த மூணு நாளைக் குறி வெச்சுத்தான் டிக்கெட் போட்டேன்.

பாங்காக்ல இருந்து ரயில்ல கோராட், அங்க இருந்து சூரின் போற பஸ்ல ஏறி நாங் ரோங்னு ஒரு சின்ன ஊர்ல இறங்கி ரூம் எடுத்தேன். பனோம் ருங் போறவங்களுக்கு அதுதான் வசதி. வாடகை வண்டி ஆப் எல்லாம் அங்க நம்பாதீங்க, தங்கற இடத்துல சொன்னா பைக்கோட ஆள் ஏற்பாடு பண்ணித் தருவாங்க. நான் சைவம். அந்த வருஷம் அக்டோபர் 3ல இருந்து அங்க சீனர்கள் கொண்டாடற சைவ நோன்பு ஓடிட்டு இருந்துச்சு, மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து போட்ட கடை எதுல நுழைஞ்சாலும் கவலையில்லாம சாப்பிடலாம். 'கின் ஜே'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும், புரிஞ்சுப்பாங்க. மத்த மாசத்துல போறவங்க பப்பாளி சாலட் கேட்டா 'மை சாய் பிளா ரா'ன்னு சொல்லிடுங்க, பிளா ராங்கறது ஊறவெச்ச மீன், அது இல்லாத ஈசான் சாப்பாடு கம்மி.

4ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலை அடிவாரத்துல இருக்கற மூவாங் தம் போனேன். அந்த கோயிலைப் பத்தி மட்டும் தனியா எழுதலாம், வெளி மதிலுக்குள்ள நாலு மூலைக்கும் எல் வடிவத்துல நாலு தாமரைக் குளம், ஒவ்வொரு குளத்தோட கரையும் ஒரு அஞ்சு தலை நாகத்தோட உடம்பு, மூலையில தலையைத் தூக்கி நிக்கும். ஆளே இல்ல. ஒரு மணி நேரம் தண்ணில காலடி படற தூரத்துல உக்காந்திருந்தேன். அப்புறம் வெளிய வந்து, பக்கத்து கிராமத்துல கோரைப்பாய் நெய்வாங்கன்னு கேள்விப்பட்டிருந்ததால தெருவுக்குள்ள நடந்தேன். அங்க வீடெல்லாம் தூண் மேல இருக்கும், கீழ நிழல்ல தறி, சைக்கிள், கோழி எல்லாம். ஒரு வீட்டுக்கு அடியில தறி தெரிஞ்சுதுன்னு ரெண்டடி உள்ள வெச்சேன், அங்க குட்டி போட்ட நாய் படுத்திருந்ததை நான் பாக்கவே இல்ல. குரைக்கக்கூட இல்லைங்க. இடது கெண்டைக்கால்ல கப்புன்னு ஒரு பிடி, விட்டுட்டு திரும்பவும் குட்டிங்ககிட்ட போய் படுத்துக்கிச்சு. பேண்ட் கிழியலை, ஆனா தூக்கிப் பாத்தா ரெண்டு பல் ஆழமா இறங்கி ரத்தம் கோடா வழியுது.

வீட்டுக்கார அம்மா பதறிப்போய் ஓடி வந்தாங்க, கை கூப்பினாங்க, ஏதோ தைலம் கொண்டு வந்து தடவினாங்க. நான் கையில இருந்த தண்ணி பாட்டிலை அது மேல ஊத்திட்டு கர்சீப்பைக் கட்டிட்டேன். இங்கதான் நான் பண்ணின முதல் தப்பு. நாய் கடிச்சா அந்த நிமிஷமே குழாய்த் தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், கடிகாரத்தைப் பாத்து 15 நிமிஷம். சோப்பு வெறிநாய்க்கடி வைரஸை அழிக்கும், ஊசி போடறதுக்கு முன்னாடி நம்ம கையாலயே செய்யக்கூடிய பெரிய வைத்தியம் அதுதான். தைலம், மஞ்சள், மிளகாப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அந்த வீட்டுலயே குழாய் இருந்துச்சு, சோப்பும் இருந்திருக்கும், கேக்கணும்னு தோணல, உடனே அங்க இருந்து போயிடணும்னுதான் இருந்துச்சு.

பைக் ஓட்டினவர் நாங் ரோங்ல ஒரு கிளினிக்ல கொண்டு போய் விட்டார். அங்க காயத்தைச் சுத்தம் பண்ணி, டிடி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, 900 பாட் வாங்கினாங்க. வெறிநாய்க்கடி ஊசின்னு கேட்டேன், போன்ல மொழிபெயர்த்துக் காட்டினாங்க, 'திங்கட்கிழமை'. சனி ஞாயிறு லீவு, திங்கள் வாங்கன்னு. எனக்கு அப்ப இருந்த சோர்வுல அதை அப்படியே நம்பிட்டேன். இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, கிளினிக் வேற, ஆஸ்பத்திரி வேற. அங்க ஒவ்வொரு வட்டத்துலயும் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, எமர்ஜென்சி வாசல் சனி ஞாயிறு ராத்திரின்னு எப்பவும் திறந்திருக்கும். வெளிநாட்டுக்காரங்கன்னு திருப்பி அனுப்ப மாட்டாங்க, காசு மட்டும் கட்டணும். 'ரோங் பயாபான்'னு சொன்னா ஆஸ்பத்திரி.

மறுநாள் சாயங்காலம் நொண்டிக்கிட்டே பனோம் ருங் ஏறினேன். தாமரை மொட்டு வெச்ச கல்தூண் ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கற நீளமான பாதை, நாகப் பாலம், செங்குத்தான படிக்கட்டு, அப்புறம் அந்த சிவப்பு மணற்கல் கோபுரம். கிழக்கு வாசலுக்கு மேல பத்து கையோட ஆடற சிவன், அதுக்குக் கீழ உத்திரக்கல்லுல பள்ளிகொண்ட பெருமாள். அந்தப் பெருமாள் 1960கள்ல திருடு போய் அமெரிக்காவுல சிகாகோ மியூசியத்துல இருந்தாராம், தாய்லாந்து ஜனங்க போராடி 1988ல திரும்ப வாங்கி அதே இடத்துல வெச்சிருக்காங்க. உள்ள கருவறையில இருந்து அபிஷேகத் தண்ணி வெளிய போற கல் வாய்க்காலை அங்கயும் சோமசூத்திரம்னே சொல்றாங்க, தண்ணி ஓடி எத்தனை நூறு வருஷம் ஆச்சோ, நான் குனிஞ்சு அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். அன்னைக்கு மேற்கால ஒரே மேகம். நூத்துக்கணக்குல ஜனம் வாசலுக்கு நேரா நிக்குது, யாரும் சத்தம் போடல. சூரியன் வரவே இல்ல, மேகத்தோட ஓரம் மட்டும் கொஞ்சம் சிவந்துச்சு, அவ்வளவுதான்.

பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு, ஸ்கூல் டீச்சராம், ஓரளவு இங்கிலீஷ் பேசினாங்க. என் கால் கட்டைப் பாத்துட்டு என்னாச்சுன்னு கேட்டாங்க. நாய்னேன். முகம் மாறிடுச்சு. "ஊசி போட்டீங்களா?" "திங்கட்கிழமை போடறாங்களாம்." "யாரு சொன்னது? இன்னைக்கே போகணும், இப்பவே போங்க." அந்த மூணு வரிதான். அதுவரைக்கும் ஒரு காயம்னு நினைச்சுட்டு இருந்த எனக்கு அந்தப் படிக்கட்டுலயே கால் நடுங்க ஆரம்பிச்சுது. சின்ன வயசுல எங்க தெருவுல ஒருத்தர் தண்ணியைக் கண்டா அலறி அலறியே செத்துப் போனதை பெரியவங்க பேசிக் கேட்டிருக்கேன், மலையில இருந்து இறங்கற வழி பூரா அதுவேதான் காதுல.

ரூம் வெச்சிருந்த அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரும் 'பா'ன்னு கூப்பிடுவாங்க, நம்ம பெரியம்மா முறை. நான் சொல்ற வரைக்கும் அவங்களுக்கும் கடி விஷயம் தெரியாது. கேட்டதும் ஒரு வார்த்தை பேசாம பிக்கப் வண்டி சாவியை எடுத்தாங்க. அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில நர்ஸ்கிட்ட 'மா கட்'னு சொன்னாங்க, நாய் கடிச்சுதுன்னு. சீட்டுல எழுதினதை போன்ல வெச்சுப் பாத்தா அந்த நோய்க்கு அவங்க பேரு 'பிட் சுனக் பா'. பிட்னா விஷம், கடைசில வர்ற பான்னா பைத்தியம் (பெரியம்மாங்கற பா வேற), நடுவுல சுனக், நம்ம பழைய தமிழ்லயும் சுனகன்னா நாய்தானே. அந்த பயத்துலயும் அந்த ஒரு வார்த்தை புரிஞ்சதுல எனக்கு அழுகை வந்துடுச்சு.

முதல்ல என்னை ஒரு தொட்டிகிட்ட உக்கார வெச்சு சோப்பு போட்டு கழுவினாங்க, ஒரு நாள் கழிச்சும். அப்புறம் டாக்டர் பொறுமையா விளக்கினார். பல் பட்டு ரத்தம் வந்தா அது மூணாவது வகை, தடுப்பூசி மட்டும் போதாது, சீரமும், அதாவது ரெடியா இருக்கற எதிர்ப்பு சக்தியை ஊசியா போடறது, அதுவும் வேணும். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும், சீரம் உடனே காயத்துலயே வைரஸைப் பிடிக்கும். குதிரை சீரம்னா கிலோவுக்கு 40 யூனிட், மனுஷ சீரம்னா 20. நான் 58 கிலோ, குதிரை சீரம் 2,320 யூனிட். அதை காயத்தைச் சுத்தியும் காயத்துக்குள்ளயும் ஊசியால இறக்குவாங்க. வலிச்சுதான்னு கேட்டா, ஆமாங்க, பயங்கரமா வலிச்சுது, பா என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. ஆனா தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கற காலம் எல்லாம் எப்பவோ போயாச்சு, தடுப்பூசி கையில ஒரு சாதாரண ஊசிதான். எனக்கு 0, 3, 7, 14, 28னு அஞ்சு நாள் கணக்கு போட்டு ஒரு அட்டை கொடுத்தாங்க. ஒரு நாள் வீணாக்கிட்டேனேன்னு கேட்டதுக்கு டாக்டர், இந்த நோய் வெளிய வர பொதுவா சில வாரம், மாசம்கூட ஆகும், அதனால லேட்டாயிடுச்சேன்னு யாரும் போடாம விட்டுடக்கூடாது, எப்ப ஞாபகம் வந்தாலும் போட்டுக்கணும், ஆனா அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்த வழியே இல்லைன்னார். சீரம் முதல் நாள் கிடைக்கலைன்னா, முதல் தடுப்பூசி போட்டதுல இருந்து 7 நாளுக்குள்ள போட்டுக்கலாமாம்.

பில் 4,700 பாட். என் கையில 1,100. கார்டைக் கொடுத்தேன், ஏத்துக்கல. ரெண்டாவது கார்டு, அதுவும் இல்ல. நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டு உபயோகம் நாமளா ஆன் பண்ணினாத்தான் வேலை செய்யும், ரிசர்வ் பேங்க் 2020ல கொண்டு வந்த விதி அது. சரி, பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணலாம்னு திறந்தா, சிம் மாறியிருக்கு, திரும்ப பதிவு பண்ணுங்கன்னு நிக்குது. ஏர்போர்ட்ல தாய் சிம் வாங்கினப்ப நம்ம சிம்மைக் கழட்டி பர்ஸ்ல வெச்சிருந்தேன். அதைத் திரும்பப் போட்டா ரோமிங் பேக் போடல, எஸ்எம்எஸ் போகவும் இல்ல வரவும் இல்ல, ஓடிபி இல்லாம ஒரு அடி நகர முடியாது. ராத்திரி பத்தரை மணி, கவுண்டர்ல நிக்கறேன், பின்னாடி ஒரு குழந்தை அழுதுட்டு இருக்கு. பா என்னைத் தள்ளிட்டு தன் போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணி கட்டிட்டாங்க. என்னை ரெண்டு நாளாத்தான் அவங்களுக்குத் தெரியும்.

ரூமுக்கு வந்து வைஃபைல தம்பிக்கு கூப்பிட்டேன், நம்ம ஊர்ல ஒன்றரை மணி நேரம் கம்மி, முழிச்சிட்டுதான் இருந்தான். "அக்கா, அழாத, என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லு"ன்னான். என் நம்பருக்கு அவன் போன்ல இருந்தே ரோமிங் பேக் ரீசார்ஜ் பண்ணினான். அரை மணி நேரத்துல சிக்னல் வந்துச்சு, எஸ்எம்எஸ் போச்சு, ஆப் திறந்துச்சு, கார்டை ஆன் பண்ணினேன். காலையில முதல் வேலையா ஏடிஎம் போய் எடுத்து பா கையில கொடுத்தேன். ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் அப்ப 220 பாட் பிடிச்சான், அதனால அஞ்சு தடவை சின்னச் சின்னதா எடுக்காதீங்க. நடுவுல 'உங்க நாட்டுப் பணத்துல கணக்கு போடவா'ன்னு கேக்கும், வேண்டாம்னு அமுக்குங்க, அதுல ரேட் மோசமா இருக்கும். நம்ம சிம்மை எக்காரணம் கொண்டும் கழட்டாதீங்க, அங்கத்த நெட்டுக்கு இ-சிம் போட்டுக்கோங்க, போன்ல அந்த வசதி இல்லைன்னா பழைய போன் ஒண்ணு கூட எடுத்துட்டுப் போங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே கார்டு ரெண்டுலயும் வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணி, ரோமிங் பேக் சின்னதா ஒண்ணு போட்டுட்டுப் போங்க. ஒரு 5,000 பாட் துணிமூட்டைக்குள்ள தனியா கிடக்கட்டும், அதைத் தொடாதீங்க.

அதுக்கப்புறம் என் பயணத்தை அந்த அட்டைதான் நடத்துச்சு. உபோன் போய் மேகோங் கரையில பா தெம் பாறை ஓவியம் பாக்கறதா இருந்தேன், அதை விட்டாச்சு, ரூம் காசு 1,400 பாட் திரும்பி வரல. மூணாம் நாள் ஊசி 8ஆம் தேதி, சூரின்ல போட்டுக்கிட்டேன், அட்டையை நீட்டினதும் ஒரு கேள்வி கேக்காம போட்டாங்க, 480 பாட். அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, என்ன மருந்து, எப்படிப் போட்டாங்க, தசையிலயா தோலுக்குள்ளயான்னு அதுல எழுதி இருக்கணும். ஏழாம் நாள் 12ஆம் தேதி சனிக்கிழமை பாங்காக்ல, செஞ்சிலுவை சங்கத்தோட சாவோபா நிலையத்துல காலையிலயே போய் போட்டுட்டேன், பாம்புப் பண்ணைன்னு டூரிஸ்ட் எல்லாம் போவாங்களே அதே இடம். நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையம் மாதிரி வெறிநாய்க்கடிக்குன்னே நூறு வருஷமா நடக்கற இடம். அன்னைக்கு ராத்திரி ஃபிளைட்.

இன்ஷூரன்ஸ் இருந்துச்சு, ஆனா இருக்கறதுலயே கம்மி விலைல எடுத்தது. முதல் 100 டாலர் நம்ம தலையில, அதுக்கு மேலதான் அவங்க தருவாங்க. கிளினிக் பில் தாய் மொழியில மட்டும் இருந்ததால அதைத் தள்ளிட்டாங்க, கடைசியில என் கைக்கு வந்தது சில ஆயிரம் ரூபாய். எடுக்கறப்போ அந்த 100 டாலர் வரியைத் தேடிப் படிங்க, ஆஸ்பத்திரில எல்லா பில்லையும் இங்கிலீஷ்ல கேட்டு வாங்குங்க, கேட்டா தர்றாங்க, சம்பவம் நடந்த அன்னைக்கே அவங்க உதவி எண்ணுக்கு கூப்பிட்டு சொல்லிடுங்க. அவசரத்துக்கு அங்க ஆம்புலன்ஸ் 1669, இங்கிலீஷ் பேசற டூரிஸ்ட் போலீஸ் 1155, ரெண்டையும் போன்ல சேவ் பண்ணிக்கோங்க. வாட்ஸ்அப்பை விட அங்க எல்லாரும் லைன்ங்கற ஆப்தான் வெச்சிருக்காங்க, அதை இறக்கி வெச்சுக்கிட்டா தங்கற இடத்துல இருந்து பைக் ஓட்டறவர் வரைக்கும் அதுலயே பேசலாம். கிராமம் கிராமமா சுத்தறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே இங்க டாக்டர்கிட்ட கேட்டு முன்கூட்டியே போடற தடுப்பூசி போட்டுக்கிட்டா, கடிச்சாலும் சீரம் தேவைப்படாது, ரெண்டு ஊசியோட முடிஞ்சிடும். ஒண்ணு கூட சொல்லணும், 2025 ஜூலைல தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில சண்டையே நடந்துச்சு, சூரின், சிசாகெட், உபோன், புரிராம் எல்லாமே எல்லையோர மாகாணம், அதனால போறதுக்கு முன்னாடி நிலவரம் பாத்துட்டு போங்க.

14ஆம் நாள் ஊசி ஊருக்கு வந்து அரசு ஆஸ்பத்திரில கேட்டேன். இங்க இலவசமாவே போடறாங்க, ஆனா தோலுக்குள்ள போடற முறை, நாள் கணக்கும் வேற. அங்க ஆரம்பிச்ச முறையிலயே முடிங்கன்னு டாக்டர் சொன்னதால மருந்து கடையில வாங்கி தனியா போட்டுக்கிட்டேன். அதுக்கு முன்னாடியே பா லைன்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. நாய் கடிச்சு பத்து நாள் ஆகியும் அது நல்லா இருந்தா அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம், அதுக்காக அவங்களே 20 கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டி அந்த கிராமத்துக்குப் போய் பாத்திருக்காங்க. தறிக்குப் பக்கத்துல அதே நாய், நாலு குட்டி மேல மேல ஏறி பால் குடிக்குது. இத்தோட நிறுத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன், அட்டையை முடிச்சுடுங்கன்னார். தீபாவளி முடிஞ்சு ரெண்டாம் நாள், நவம்பர் 2, கடைசி ஊசி. கையைத் தேச்சுக்கிட்டே வெளிய வந்து அட்டையோட போட்டோவை பாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்துல பதில், மார்ச்ல மேகம் இருக்காது, வான்னு.